சத்தம் வராத மிட்ஃபீல்டர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து என் வேலை அல்ல. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு நான் பேனா பிடித்தது பெரும்பாலும் கையெழுத்துப் போடத்தான். நம் கால்பந்துக் கழக மலருக்குப் பழைய ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது, "மேடையில் பேசச் சொல்லாவிட்டால் எழுதித் தருகிறேன்" என்று பயத்தில் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் இது பேசுவதைவிடக் கஷ்டம் என்று தெரிந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோமதி. ஆடிய இடம் சென்டர் மிட்ஃபீல்ட். மாநில அணியில் சில ஆண்டுகள், பிறகு வெளியூர் கிளப்புகளில் சில ஆண்டுகள். முழங்காலில் லிகமென்ட் இரண்டாம் முறை கிழிந்தபோது நிறுத்திக்கொண்டு ஊருக்கு வந்தேன். இப்போது சங்கரன்கோவிலில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் நீங்கள் பிராக்டிஸ் செய்யும்போது கோட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். உங்களில் பலரிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

வாங்கிய கோப்பைகளைப் பற்றி எழுதினால் படிக்க நன்றாக இருக்காது. நடுக்களத்தில் என் இடம் கையைவிட்டுப் போக இருந்த ஒரு சீசனைப் பற்றி எழுதுகிறேன். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன்.

1. பந்து இங்கேதான் வரும்

எங்கள் வீடு விசைத்தறி வீடு. முன்பக்கம் தறி, பின்பக்கம் நாங்கள். தறி ஓடும்போது உள்ளே நின்று பார்க்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் தெருவில் தறிக்கு நடுவே யாரும் கத்துவதில்லை. வாயை மட்டும் அசைப்போம். "சாப்பிட வா", "அந்தத் தறியில இழை அத்துப்போச்சு பாரு", "கரண்ட் போவப் போகுது" எல்லாம் உதட்டசைவுதான். தொண்டைக்கு வேலையே இல்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவோம்.

இந்தப் பழக்கம் வெளியே போனாலும் விடாது. வகுப்பில் எழுந்து நின்று நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். டீச்சர், "என்ன, தெரியாதா? உக்காரு" என்பார். நான் சொல்லி முடித்துவிட்டேன் என்று நினைத்து உட்காருவேன். இதோடு கூச்சமும் சேர்ந்துகொண்டது. யாராவது திரும்பிப் பார்த்தால் வருகிற கொஞ்சநஞ்சச் சத்தமும் நின்றுவிடும்.

அந்த ஆண்டுதான் பள்ளியில் பெண்கள் கால்பந்து அணி சேர்க்க வேண்டும் என்று பி.டி. வாத்தியார் ஜெபராஜ் சார் வகுப்புக்கு வந்தார். "யாரெல்லாம் நல்லா ஓடுவீங்க?" என்று கேட்டார். நான் கை தூக்கவில்லை. பக்கத்தில் இருந்த பேச்சி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பேச்சி எங்கள் தெரு, எங்களைப் போலவே தறி வீடு.

முதல் நாள் சார் ஒரு பந்தை மைதானத்தில் போட்டு, "எடுத்து அடிங்க" என்று சொன்னார். எல்லாரும் பந்தைச் சுற்றி மொய்த்தார்கள். பந்து வலது மூலைக்குப் போனால் கூட்டம் வலது மூலைக்குப் போனது. இடது மூலைக்குப் போனால் கூட்டமும் அங்கே போனது. நான் மட்டும் நடுவில் நின்றேன்.

"ஏட்டி, அங்கன என்ன சாமி கும்பிடுதியா? ஓடு!" என்றார் சார்.

நான் பதில் சொன்னேன். அவர் கிட்டே வந்தார். "என்ன சொல்லுத? வாயில என்ன வச்சிருக்க, துப்பு."

"ஒண்ணுமில்ல சார். எல்லாரும் அங்கன போயிட்டாங்க. பந்து இங்கனதான் வரும்" என்றேன், இந்த முறை கொஞ்சம் சத்தத்தோடு.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூட்டத்திலிருந்து தெறித்த பந்து என் காலடியில் வந்து நின்றது. சார் பந்தையும் என்னையும் பார்த்தார். "சரி, இனி நீ இங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் நான் மிட்ஃபீல்டர் ஆனேன்.

இதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஒருவர் இரண்டு தறி பார்க்கும்போது ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றால், முதுகுக்குப் பின்னால் இன்னொன்றில் இழை அறுந்து துணி வீணாகிவிடும். இதைப் பார்த்ததும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். மைதானத்திலும் கழுத்து தானாகத் திரும்பியது. பந்து வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இப்போது பயிற்சியாளர்கள் இதை ஸ்கேனிங் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அப்போது பெயர் தெரியாது.

2. கூப்பிட்டதைப் பார்த்தவள்

எங்கள் கோல்கீப்பர் மாரி. இளையரசனேந்தல் பக்கம் மானாவாரிக் காட்டு ஊர். வீட்டில் ஆடு வளர்த்தார்கள். படிப்புக்காகச் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். அவள் பேசினால் பள்ளிக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரகசியம் சொல்லக்கூட அவளுக்கு மெதுவாக வராது. "மெல்லப் பேசுட்டி" என்றால், "இதுதாண்டி மெல்ல" என்பாள்.

மண்டலப் போட்டி கடையநல்லூரில் நடந்தது. அரையிறுதியில் நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். எதிரணி ஒரு பந்தை எங்கள் கோல் பக்கம் உயரமாகத் தூக்கி அடித்தது. நான் பின்னால் ஓடினேன். மாரியும் கோலை விட்டு முன்னால் வந்தாள். பந்து எனக்கு வாகாக இருந்தது. "எனக்கு, நீ விடு" என்று தெளிவாகச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையால் முட்ட எழும்பினேன்.

என் தலை மாரியின் வாயில் போய் இடித்தது. இரண்டு பேரும் விழுந்தோம். பந்து தரையில் ஒரு முறை குதித்து, யாரும் தொடாமல், மெதுவாக உருண்டு எங்கள் கோலுக்குள் போனது. மாரியின் முன்பல் பாதி உடைந்திருந்தது.

அவள் இரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினாள். "கூப்பிட மாட்டியாட்டி? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"கூப்பிட்டேனே" என்றேன்.

"எப்பம் கூப்பிட்ட?"

பேச்சி ஓடி வந்து எனக்காகப் பேசினாள். "பொய் சொல்லாத மாரி. அவ கூப்பிட்டா. நான் பாத்தேன்."

மாரி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாத்தியா? கூப்பிடுதத எவளாச்சும் பாப்பாளாட்டி? காதுல கேக்கணும்ட்டி! ரெண்டு பேரும் எந்த ஊருட்டி?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் சத்தமே போடவில்லை. வாயைத்தான் அசைத்திருக்கிறேன். எங்கள் தெருப் பெண்கள் யாராக இருந்தாலும் என் வாயைப் பார்த்து விலகியிருப்பார்கள். மாரி வானத்தில் பந்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசியில் டைபிரேக்கரில் மாரி பஞ்சை வாயில் கடித்துக்கொண்டு நின்று பந்தைத் தடுத்தாள். இறுதி ஆட்டத்திலும் தப்பிப் பிழைத்து ஜெயித்தோம். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் ஜெபராஜ் சார் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"கோமதி, உனக்குக் கண்ணு நல்லா இருக்கு. காலும் பரவால்ல. ஆனா நடுவுல நிக்கவ பேசாம நின்னா அணிக்கே கண்ணு தெரியாத மாதிரி. நீ பாக்கது உனக்குள்ளயே இருந்தா யாருக்கு என்ன பிரயோஜனம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாவட்ட ஃபைனல் திருநெல்வேலில. மாநில கேம்ப்புக்கு ஆள் எடுக்க மெட்ராஸ்ல இருந்து வாராங்க. அதுல ஒரு தடவ உன்ன நடுவுல விடுதேன். கோட்டுக்கு வெளிய நிக்க எனக்கு உன் சத்தம் கேக்கணும். கேக்கலன்னா பாதியில இடது விங்குக்கு மாத்திருவேன். அங்கன லைன ஒட்டி ஓடு, வந்தா அடி. யார்ட்டயும் பேச வேண்டாம்."

விங் கேவலமான இடம் இல்லை. ஆனால் எனக்கு அந்த வேகம் கிடையாது. விங்கில் என்னைப் பார்த்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்காவிட்டால் என்ன என்பதும் எனக்குத் தெரியும். பள்ளி முடிந்ததும் இரண்டு தறி என் பொறுப்பு என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு முடிந்திருந்தது. தறி வேலையை நான் வெறுக்கவில்லை, இன்றும் வெறுக்கவில்லை. ஆனால் பந்து காலில் இருக்கும்போது மைதானம் இரண்டு பக்கமும் விரிந்து கிடப்பதைப் பார்த்த பிறகு, அதைப் பார்க்காமல் இருக்க மனம் வரவில்லை. நடுவில் நிற்க வேண்டும். அதற்குச் சத்தம் வேண்டும்.

3. முட்டுகிற கிடா

மறுவாரம் மாரி என்னைத் தன் ஊருக்கு இழுத்துக்கொண்டு போனாள். பல் உடைந்ததைப் பற்றி அவளுக்கு வருத்தமே இல்லை. "இப்பம் விசில் நல்லா வருது. ரெஃப்ரிக்கு முன்னால நானே ஊதிருவேன்" என்றாள். அவளுடைய அம்மாவுக்குத்தான் கோபம். "எம்பிள்ள பல்ல ஒடச்சவ இவதானா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை. "ஏன் இவ பேச மாட்டேங்கா? ஏதும் நேர்த்திக்கடனா?" என்று மாரியிடம் கேட்டார்.

அறுவடை முடிந்த கரிசல் காட்டில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மாரி இடுப்பில் கை வைத்து நின்று ஒரு குரல் கொடுத்தாள். அது வார்த்தை இல்லை. "ஓஓ...ய்யே!" என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே போய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். காட்டுக்கு அந்தக் கடைசியில் இருந்த ஆடுகள் தலையைத் தூக்கித் திரும்பின.

"இப்பம் நீ" என்றாள்.

நான் முயன்றேன். காலடியில் நின்ற குட்டிகூடத் திரும்பவில்லை.

"கோமு, நீ ஆட்டுக்குக் கத சொல்லுத. தொண்டையில இல்லட்டி, வயித்துல இருந்து."

மறுபடியும் முயன்றேன். மாரியின் அம்மா மர நிழலில் உட்கார்ந்துகொண்டு, "கொசு மாதிரி இருக்கு" என்றார்.

வெயில் ஏறியது. நான் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். மாரி அப்படி விடுகிற ஆள் இல்லை. கொண்டுவந்திருந்த பந்தை எடுத்துக்கொண்டு என்னிடமிருந்து தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"எங்க வீட்டுக் கிடா ஒண்ணு இருக்கு. குனிஞ்சவளப் பாத்தா முட்டும். நான் குனிஞ்சு பந்த உருட்டுதேன். அது வந்தா நீ சொல்லணும். சொல்லலன்னா எனக்கு முட்டு."

"வேண்டாம் மாரி" என்றேன். கேட்டிருக்காது.

அவள் குனிந்தாள். சுருண்ட கொம்போடு ஒரு கறுப்புக் கிடா மேய்வதை நிறுத்தியது. இரண்டடி பின்னால் போனது. நான் "மாரி, வருது" என்றேன். வாய்தான் அசைந்தது. கிடா ஓடி வந்து அவளைப் பின்னாலிருந்து முட்டியது. மாரி குப்புற விழுந்தாள். அவளுடைய அம்மா எழுந்து நின்று சிரித்தார்.

மாரி எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். என்னைத் திட்டவில்லை. பந்தை எடுத்து வைத்து மறுபடியும் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

அவள் மறுபடியும் குனிந்ததுதான் என்னை உலுக்கியது. இவள் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. நான் சொல்லுவேன் என்று நம்பிக்கொண்டு நிற்கிறாள். கிடா தலையைத் தாழ்த்தியது. என் வயிற்றுக்குள்ளிருந்து என்னவோ கிளம்பி வந்தது. "ஓஓ...ய்யே!"

மாரி துள்ளி விலகினாள். கிடா ஆளில்லாத இடத்தில் ஓடித் தடுமாறி நின்றது. காட்டில் இருந்த ஆடுகள் எல்லாம் என்னைப் பார்த்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வெக்கப்படாதட்டி, ஆடுதானே" என்றாள் மாரி. அன்று பொழுது சாய்கிற வரைக்கும் நாங்கள் அதைத்தான் செய்தோம். கிடா களைத்துப் போய்ப் படுத்துவிட்டது.

ஒரு குறை மட்டும் இருந்தது. எனக்கு அந்தச் சத்தம்தான் வந்தது. பின்னால் ஆள் வருவதைச் சொல்லும் "மேன் ஆன்" என்றோ "டைம் இருக்கு" என்றோ வார்த்தையாகச் சொல்ல முயன்றால் பழையபடி குரல் உள்ளே போய்விடும்.

4. சிரிப்பு பின்னால் வந்தது

அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் திருநெல்வேலிதான். பெரிய மைதானம், சுற்றிலும் ஆட்கள். மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் பந்தலுக்குக் கீழே நாற்காலியில் இருந்தார்கள். எதிரணி நகரத்துப் பள்ளி. எல்லாருக்கும் நல்ல பூட்ஸ், எல்லாரும் உயரம். ஒருவருக்கொருவர் "டர்ன்", "ஹோல்ட்", "லைன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஆடினார்கள்.

ஆரம்பத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. பந்தை வாங்கினேன், கொடுத்தேன். ஜெபராஜ் சார் கோட்டுக்கு வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் இடது விங் ஆடுகிற பெண்ணை ஒரு முறை பார்த்தார். அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பந்து வலப்பக்கம் நின்ற பேச்சியை நோக்கி வந்தது. அவள் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரணியின் ஓர் உயரமான பெண் பேச்சியின் முதுகுக்குப் பின்னால் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தாள். பேச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

"ஓஓ...ய்யே!"

மைதானமே ஒரு நொடி நின்றது போல இருந்தது. பேச்சியும் தறி வீடுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவள் காதில் விழுந்திருக்குமா என்பது சந்தேகம். இந்தச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுப் பந்தைச் சட்டென்று பக்கத்தில் தட்டிவிட்டாள். உயரமான பெண்ணின் கால் காற்றை உதைத்தது. பந்து என்னிடம் வந்தது. நான் அதை முன்னால் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது. சுவரோரம் நின்ற ஒரு ஆள், "ஏட்டி, ஆட்ட எங்க கட்டிப் போட்டிருக்க?" என்று கத்தினார். இன்னொருவர் "ம்மே..." என்றார். அவ்வளவுதான். சுவரோரம் முழுவதும் "ம்மே, ம்மே" என்று கிளம்பிவிட்டது. எதிரணிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் அணியிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். பந்தலுக்குக் கீழே இருந்தவர்களும் சிரித்தார்கள்.

என் முகம் எரிந்தது. நான் எதற்குப் பிறந்ததிலிருந்து பயந்தேனோ அது நடந்துவிட்டது. ஊரே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. ரெஃப்ரி விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்துவார் என்றுகூட நினைத்தேன். அவர் எதற்கு நிறுத்தப்போகிறார்? பந்து ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் பேச்சியிடம் வந்தது. மறுபடியும் அந்த உயரமான பெண் வந்தாள்.

கூப்பிட்டேன். பேச்சி விலகினாள். "ம்மே" என்றார்கள்.

மூன்றாம் முறையோ நான்காம் முறையோ ஒன்று தெரிந்தது. அவர்கள் சிரிக்கிறபோது பந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. நான் கூப்பிடுகிறேன், பேச்சி தட்டுகிறாள், பந்து நகர்கிறது, பிறகுதான் சிரிப்பு வருகிறது. சிரிப்பு எப்போதும் பந்துக்குப் பின்னால்தான் வந்தது. அதைக் கேட்க நின்றால் நான்தான் பின்தங்கிப் போவேன். அதன் பிறகு அது என் காதில் சரியாக விழவில்லை. சத்தத்துக்கு நடுவில் வேலை பார்க்க எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாம் பாதியில் எனக்கே தெரியாமல் வார்த்தையும் வந்தது. "ஓய்யே பேச்சி, திரும்பு! ஓய்யே, டைம் இருக்கு, நிறுத்து!" பின்னாலிருந்து மாரி, "அப்படித்தாண்டி!" என்று கத்தினாள். அவள் குரலுக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை. சுவரோரம் "ம்மே" குறைந்து, கடைசியில் ஒரே ஒரு ஆள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவரை, "சும்மா கெட வே, ஆட்டத்தப் பாக்க விடு" என்று அதட்டினார்.

ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். தோற்றோம். கடைசியில் ஒரு கார்னரில் அந்த உயரமான பெண் தலையால் முட்டினாள். மாரியின் விரலில் பட்டு உள்ளே போனது. ஆனால் சார் என்னை விங்குக்கு மாற்றவில்லை.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். பந்தலிலிருந்து ஒரு மேடம் வந்தார். அவரும் ஒரு காலத்தில் ஆடியவராம். "அந்தச் சத்தம் போட்ட பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

நான் மாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாரி நகர்ந்து என்னை முன்னால் தள்ளினாள். "இவதான் மேடம். மொதல்ல எங்க ஊர்ல ஒரு ஆடுகூடத் திரும்பல. இப்பம் நீங்களே எந்திரிச்சு வந்துட்டீங்க."

மேடம் சிரித்துவிட்டு, "ஓயாம சுத்திப் பாக்குறியே, யார் சொல்லிக்கொடுத்தா?" என்று என்னைக் கேட்டார். "வீட்டுல தறி இருக்கு மேடம்" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

5. அப்பா கேட்டது

முடிவு தெரிய ஒரு வாரம் ஆனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தறி ஓடிக்கொண்டிருந்தபோது ஜெபராஜ் சார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. சார் இன்னும் சத்தமாகச் சொன்னார். அப்பா தறியை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார்" என்றார்.

"அண்ணாச்சி, உங்க பிள்ளைய மாநில கேம்ப்புக்கு எடுத்திருக்காங்க."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எங்க?" என்றார் அப்பா.

"மெட்ராஸ்ல. நல்லா ஆடுனா அப்படியே டீம்ல எடுத்துக்கிடுவாங்க. பெறகு கிளப்பு அது இதுன்னு வெளியூர் போக வேண்டியிருக்கும்."

"கூட அந்தப் பல்லு ஒடஞ்ச பிள்ள?"

"மாரிய எடுக்கல. கோல்கீப்பருக்கு ஒசரம் போதாதுன்னுட்டாங்க. நானும் சொல்லிப் பாத்தேன்."

அப்பா நின்றுபோன தறிகளைப் பார்த்தார். பேச்சு முடிந்த விஷயத்தை எடுத்துச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பள்ளி முடிந்ததும் அந்த மூலையில் இருந்த இரண்டும் என்னுடையவை. எனக்காக நானே பேச வேண்டும் என்று தோன்றியது. கதவைவிட்டு வெளியே வந்தேன்.

"நான் போறேன்ப்பா" என்றேன்.

தறி நின்றிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. நான் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மா திடுக்கிட்டுப் போனார். அப்பா என்னைப் பார்த்துவிட்டுச் சாரிடம் திரும்பினார்.

"ஏன் சார், இவள நடுவுலதான் நிறுத்துவாங்களா? ஓரத்துல போட்டுற மாட்டாங்களே?"

அவருக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றும் தெரியாது. விங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று நான் அம்மாவிடம் சொல்லி அழுதது அவர் காதுக்குப் போயிருக்கும்.

"நடுவுலதான் அண்ணாச்சி" என்றார் சார்.

"அப்பம் சரி. அந்த ரெண்டு தறிக்கும் ஆள் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பிப் போய் முதல் தறியை ஓட்டினார். அதற்கு மேல் பேசினாலும் கேட்டிருக்காது. அம்மா சாருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பந்து வருவதற்கு முன் சுற்றிப் பாருங்கள். பார்த்ததை உடனே சொல்லுங்கள். உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்பது முக்கியமில்லை. முதுகைக் காட்டி நிற்கிறவளுக்கு நீங்கள்தான் கண். பின்னால் நான் ஆடிய கிளப்பில் மணிப்பூர், வங்காளம், கேரளம் என்று பல ஊர்ப் பெண்கள் இருந்தார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. என்னுடைய "ஓய்யே" மட்டும் எல்லாருக்கும் முதல் நாளே புரிந்துவிட்டது. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதற்காக ஆட்டம் நிற்பதில்லை. கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் கோட்டைத் தாண்டி உள்ளே போனால் அது வெளியே நின்றுகொள்ளும். அது போதும்.

சார் வந்துபோன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தன்னை எடுக்கவில்லை என்று தெரிந்தும் மாரிதான் என்னைக் கூப்பிட வந்தாள்; இரண்டு பேரும் பிராக்டிஸுக்குப் போனோம். இரவு மழை பெய்து மைதானத்தில் தண்ணீர் நின்றது. கரிசல் மண் செருப்பில் ஒட்டிக்கொண்டு நடக்க முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.